அட்டவணையை டவுன்லோட் செய்தால் போதுமா? உங்கள் உடம்புக்கு ஏற்ற ஓட்டப் பயிற்சி



போலீஸ் வேலைக்கோ அக்னிவீர் தேர்வுக்கோ தயாராகிற ஒருத்தராவது உங்கள் வகுப்பில் இருப்பார். என் வகுப்பிலும் ஒருத்தன் இருந்தான். ஒரு செயலியில் கிடைத்த எட்டு வார அட்டவணையை ஒரு நாள்கூட விடாமல் பின்பற்றினான். இன்டர்னல் தேர்வு நடந்த வாரத்தில், ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்கியிருப்பான், அப்பவும் ஓடினான். ஆறாவது வாரம் முன்கால் எலும்பில் வலி. "அட்டவணையில போட்டிருக்கே, எப்படிடா விடுறது?" என்று மறுபடியும் ஓடினான். தேர்வு நாளில் அவனால் மைதானத்துக்கு நொண்டிக்கொண்டுதான் போக முடிந்தது.

அவனிடம் உழைப்பு குறையவில்லை. அப்போ எங்கே தப்பு? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஓப்பன் லூப், குளோஸ்டு லூப்

டைமர் மட்டும் இருக்கிற ஹீட்டர், தண்ணீர் கொதித்தாலும் குறித்த நேரம் முடியும்வரை சூடாக்கிக்கொண்டே இருக்கும். அது ஓப்பன் லூப். அயர்ன் பாக்ஸில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. சூட்டைப் பார்த்து, தானாக நிறுத்தி, தானாகத் தொடங்கும். அது குளோஸ்டு லூப்.

டவுன்லோட் செய்த அட்டவணை டைமர் மாதிரி. நல்ல பயிற்சியாளர் தெர்மோஸ்டாட் மாதிரி. "நேத்து எப்படித் தூங்கினே? எங்கே வலிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் இன்றைய ஓட்டத்தை முடிவு செய்வார். தனிப்பட்ட பயிற்சி என்றால் இந்த ஃபீட்பேக்தான். பயிற்சியாளருக்குக் கொடுக்கக் காசு இல்லையா? பரவாயில்லை, அந்த வேலையில் பெரும்பகுதியை ஒரு நோட்டும் பேனாவும் வைத்து நாமே செய்யலாம்.

ஒரு செருப்புத் தொழிற்சாலைக்காரர்

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பால் விநியோகமும் செய்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தன் உடம்பிலேயே பல வருடம் சோதித்துப் பார்த்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். ரக்பி விளையாட்டில் அடிபட்டு இடது கை செயலிழந்தவர் ஹால்பெர்க்!

பிறகு அதே லிடியார்ட், ஆக்லாந்தில் இதய நோய் வந்து மீண்டவர்களையும் மெதுவாக ஓடவைத்தார். இரண்டு தரப்புக்கும் வேகமும் தூரமும் வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் முதலில் தாங்குதிறனை வளர்க்க வேண்டும்.

நாமே செய்வது எப்படி?

1. முதலில் அளவு. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட சோதனை இது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள். முடியாதபோது நடக்கலாம். ஆறு வாரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய தூரத்தோடு; நண்பனோடு அல்ல.

2. காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே, ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் சராசரி தெரிந்துவிடும்.

3. ஓடி முடித்த பிறகு, அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அதை நிமிடங்களால் பெருக்குங்கள். 30 நிமிடம், கஷ்டம் 4 என்றால் சுமை 120. அதே 30 நிமிடம் கஷ்டம் 8 என்றால் 240. தூரம் ஒன்றாக இருந்தாலும் உடம்புக்கு அது வேறு வேலை. கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் பிரபலமாக்கிய முறை இது. வாரக் கூட்டுத்தொகை திடீரென எகிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஐந்து நாள் ஓடினால் நாலு நாள் பேசும் வேகம், ஒரு நாள் மட்டும் வேகம்.

5. இப்போ ஃபீட்பேக். துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தாலோ, தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனாலோ, அன்று ஓட்டம் இல்லை, நடை மட்டும். எலும்பில் ஒரே இடத்தில் இரண்டு நாள் தொடர்ந்து வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

"எனக்கு நேரமே இல்லையே!"

சிவகாசிப் பக்கமிருந்தோ விருதுநகரிலிருந்தோ காலேஜ் பஸ்ஸில் ஆமத்தூர் வருகிறவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் கிடைக்காது. 25 நிமிடம் கிடைத்தால் அதையே அளவாக வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குச் சூரியன் ஏறுவதற்குள் முடிப்பது நல்லது.

லீவு நாளில் பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். நாள் முழுக்க நின்று பார்த்த வேலையும் சுமைதான். தேர்வு பயமும் சுமைதான். உடம்பு எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் எழுதும். அன்று ஓடாமல் விட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை.

ஓடியே பழக்கமில்லையா? 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று எட்டு முறை போதும். மொத்தம் 24 நிமிடம். ஆஸ்துமா, சர்க்கரை, இதயப் பிரச்சினை இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் ஓட்டம். நடைதான் முடியுமென்றால் அதுவும் பயிற்சிதான். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பது தகுதியாக இருந்து வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் புது அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 420 வினாடியை 3.75 சுற்றால் வகுத்தால் 400 மீட்டருக்கு 112 வினாடி. பலர் முதல் சுற்றை 80 வினாடியில் பறந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் நடக்கிறார்கள். வாரத்தின் அந்த ஒரு வேக நாளில், 110 வினாடியில் ஒரு சுற்று, 2 நிமிட நடை என்று நாலு முறை ஓடிப் பழகுங்கள். அந்த வேகம் காலுக்குத் தெரிந்துவிடும்.

என் நண்பன் இப்போது மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறான். இந்தத் தடவை அவன் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் பக்கத்தில் "ஓடவில்லை, தூக்கம் பத்தலை" என்று எழுதியிருந்தான். நீங்களும் நாளைக் காலையில் துடிப்பை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்.