விளையாடும் பிள்ளைகளின் மனசுக்கும் பயிற்சி வேண்டும்



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் படித்துப் பேச ஒரு பாடம். நம் குழுக் குடும்பங்களில் கபடி, வாலிபால், ஓட்டம் என்று விளையாடும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று போய் வருகிறார்கள். நாமும் முட்டை, பால், ஷூ என்று முடிந்ததைச் செய்கிறோம். சிலர் குழுக் கடன் வாங்கிக்கூட செலவு செய்கிறோம். உடம்புக்குக் கொடுக்கும் கவனத்தை மனசுக்கும் கொடுக்கிறோமா?

பள்ளி மைதானத்தில் பிரமாதமாக ஆடும் பிள்ளை, போட்டியன்று கை கால் நடுங்கி நின்றுவிடுகிறது. உடனே "பயந்தாங்கொள்ளி" என்கிறோம், இல்லை "கண்ணு பட்டிருச்சு" என்று சுற்றிப் போடுகிறோம். இரண்டுமே காரணம் இல்லை. அந்தப் பிள்ளையின் உடம்பு பழகியிருக்கிறது, மனசு பழகவில்லை. அவ்வளவுதான்.

பயம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது?

போட்டிக்கு முன் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும், வயிறு கலக்கும். இது நோய் இல்லை. முக்கியமான வேலை வரப்போகிறது என்று உடம்பு தயாராகிறது. இதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவைத்தால் பாதி பயம் போய்விடும். சொல்லாவிட்டால், "எனக்கு என்னமோ ஆகுது" என்று பயத்துக்கே பயந்துவிடும்.

பெரிய வீரர்களுக்கும் இது தேவையா?

தேவைதான். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்கச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார். 11-வது ஆட்டத்தில் வென்று, 12-வதில் மறுபடியும் தோற்றார். கடைசி 14-வது ஆட்டத்தில் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். தோல்வியை அடுத்த ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பது ஒரு பயிற்சி. அவருக்கு உதவியவர்களில் பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்க மனப் பயிற்சியாளரும் ஒருவர். 2011-ல் உலகக் கோப்பையை வென்ற நம் கிரிக்கெட் அணியோடும் அவர் வேலை செய்தவர்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதியில் விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதே மனசுக்குப் பிடிபடவில்லை என்றார். அப்படியே தொடர்ந்திருந்தால் பெரிய அடி பட்டிருக்கும். ஓய்வு எடுத்து, மனநல உதவியும் பெற்று, 2024-ல் பாரீஸில் 3 தங்கம், 1 வெள்ளி வாங்கினார். உதவி கேட்பது தோல்வி இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

நம் ஊரில் மனப் பயிற்சியாளருக்கு எங்கே போவது? அடிப்படைப் பயிற்சிகளை வீட்டிலேயே தொடங்கலாம். காசு செலவில்லை.

வீட்டில் செய்யக்கூடிய ஐந்து பயிற்சிகள்

1. மூச்சு: மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். இதுபோல் பத்து முறை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு குறையும். தினமும் படுக்கும் முன் செய்து பழகினால்தான் போட்டியன்று கைகொடுக்கும்.

2. மனசில் ஓட்டிப் பார்ப்பது: கண்ணை மூடி 5 நிமிடம், தான் ஆடப்போவதை மனசுக்குள் பார்க்க வேண்டும். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடிதான். கோட்டைத் தாண்டுவது, தொடுவது, திரும்புவது என்று ஒவ்வொன்றாக. பிடிபட்டுவிட்டால் எழுந்து அடுத்த ரெய்டுக்குத் தயாராவதையும் பார்க்க வேண்டும்.

3. ஒரே மாதிரி தொடக்கம்: ஷூ கயிற்றைக் கட்டுவது, மூன்று மூச்சு, மண்ணைத் தொடுவது என்று ஏதோ ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்தால், ஊர் புதிதாக இருந்தாலும் மனசுக்குப் பழக்கப்பட்ட இடம் போலத் தோன்றும்.

4. தனக்குத் தானே பேசுவது: "தப்பு பண்ணிடக் கூடாது" என்று நினைத்தால் மனசு தப்பிலேயே நிற்கும். "பந்தைப் பார்", "காலை ஊன்று" என்று செய்ய வேண்டியதைச் சின்னச் சொல்லாகச் சொல்லப் பழக்க வேண்டும்.

5. கையில் இருக்கும் இலக்கு: முதல் பரிசு நம் கையில் மட்டும் இல்லை, எதிராளி கையிலும் இருக்கிறது. "இந்த வாரம் பத்து சர்வீஸில் ஏழு உள்ளே விழணும்" என்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. அதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தூக்கமும் மனப் பயிற்சிதான். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். போட்டிக்கு முதல் நாள் இரவு செல்போன் பக்கத்தில் வேண்டாம்.

அம்மா சொல்லும் சொல்

இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. தோற்று வரும் பிள்ளை முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான். "உனக்காகக் கடன் வாங்கினேனே, இப்படிப் பண்ணிட்டியே" என்று ஒரு அம்மா சொன்னால், அடுத்த போட்டியில் அந்தப் பிள்ளை எதிர் அணியோடு மட்டும் ஆடவில்லை, நம் கடனோடும் சேர்ந்து ஆடுகிறது. கடன் நாம் எடுத்த முடிவு. அதைப் பிள்ளையின் முதுகில் ஏற்றக் கூடாது.

"ஜெயிச்சியா?" என்பது முதல் கேள்வியாக வேண்டாம். "வா கண்ணு, சாப்பிடு" என்போம். அழுதால் அழட்டும். மறுநாள் நிதானமாக, "எது நல்லா வந்துச்சு? எதை இன்னும் பழகணும்?" என்று கேட்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், நிறுத்திடு" என்று மற்றவர்கள் சொல்லும்போது, பிள்ளை முன்னால் நாம் அவள் பக்கம் நின்று பேசுவது ஆயிரம் பயிற்சிக்குச் சமம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு கெட்டால். ஆசையாகப் போன மைதானத்துக்குப் போகவே மறுத்தால். எதற்கெடுத்தாலும் அழுகை, கோபம் என்றால் கவனியுங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குத் தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடும் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும். "செத்துப் போகலாம்போல இருக்கு" என்று சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் அன்றே உதவி தேடுங்கள்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

மைதானத்துக்குப் போகப் பிள்ளை பயந்தால், "அங்க யாராவது தப்பா தொட்டாங்களா, தப்பா பேசினாங்களா?" என்றும் மெதுவாகக் கேளுங்கள். பிள்ளை சொன்னால் நம்புங்கள், திட்டாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

குழுவில் பேசிப் பார்ப்போம்

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்? அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. பிள்ளை தோற்று வந்த நாளில் நாம் என்ன சொன்னோம்? இனி என்ன சொல்வோம்?
3. வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திய பெண் பிள்ளைகள் நம் ஊரில் உண்டா? ஏன் நிறுத்தினார்கள்? மறுபடி தொடங்க நாம் என்ன செய்யலாம்?

மூச்சுப் பயிற்சியைக் கூட்டத்திலேயே எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள். ஊக்குநர், பிரதிநிதி இருவரும் 14416, 1098 எண்களைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கவும். கூட்டத்தில் பேசியதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மற்றக் குழுக்களோடும் பகிர்ந்துகொள்வோம்.