மங்கலொளியும் லேசர்க் கண் சிகிச்சையும்

பகலில் தெளிவாகப் பார்க்கும் சிலருக்கு, அந்தி சாய்ந்ததும் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தோன்றுகின்றது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கதிர்விரிந்து கண்ணைக் கூசச் செய்கின்றது. கண்ணாடி அணிந்தும் இக்குறை சிலருக்கு முற்றும் நீங்குவதில்லை. இதன் காரணம் யாது?

நல்ல வெளிச்சத்தில் கண்பாவை 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவே திறந்திருக்கும். இருளிலோ அது 6 மில்லிமீட்டருக்கு மேலும் விரியக்கூடும். அப்பொழுது, கார்னியா எனப்படும் ஒளிபுகும் முன்படலத்தின் ஓரப்பகுதி வழியாகவும் ஒளி உட்புகுகின்றது. ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழையும் கதிர்களும் ஒரே புள்ளியிற் குவியாமையால் பிம்பம் கலங்குகின்றது. கிட்டப்பார்வையைத் திருத்தும் சாதாரண வில்லை இந்நுண்பிறழ்ச்சிகளைத் திருத்துவதில்லை.

இவற்றை அளப்பதற்கு வானநூல் துணைபுரிந்தது. தொலைநோக்கி வில்லைகளைச் சோதிக்க ஜெர்மானிய வானநூலறிஞர் ஹார்ட்மன் வகுத்த முறையை, 1971-இல் அமெரிக்காவில் ஷாக் என்பவர் செப்பனிட்டார். 1994-இல் அம்முறையால் மனிதக் கண்ணின் பிறழ்ச்சிகள் அளக்கப்பட்டன. கண்ணுக்குள் செலுத்தப்படும் மெல்லிய ஒளிக்கற்றை விழித்திரையிற் பட்டு மீளுகையில், அதன் அலைமுகம் எவ்விடத்தில் எவ்வளவு நெளிந்துள்ளது என்பதைச் சிறு வில்லைகளின் வரிசை காட்டிவிடுகின்றது. இவ்வாறு கிடைக்கும் படம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அப்படத்திற்கேற்ப எக்ஸைமர் லேசர் கார்னியாவைச் செதுக்குகின்றது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இப்புறஊதாக் கதிர், அருகிலுள்ள திசுவைச் சுடாமல் மெல்லிய அடுக்கை மட்டும் அகற்றவல்லது. இக்கதிர் உயிர்த்திசுவை இங்ஙனம் செதுக்கும் என்பதை 1981-இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த மூவருள் ஒருவர் சென்னையிற் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் ஆவார். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஏற்ப அளந்து செய்யும் இச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2002-இல் அனுமதி வழங்கப்பட்டது.

எனினும் இது சர்வரோக நிவாரணி அன்று. இருளில் பாவை விரியும் அளவைவிடச் செதுக்கிய வட்டம் சிறிதாயின், சிகிச்சையே ஒளிவளையத்தை உண்டாக்கக்கூடும். ஆதலின் மங்கலொளியில் பாவையின் அகலத்தையும், கார்னியாவின் தடிப்பையும் முன்கூட்டியே அளத்தல் இன்றியமையாதது. கார்னியா மிக மெலிந்தோர்க்கும், அது கூம்புபோற் பிதுங்கும் நோயுடையோர்க்கும் இச்சிகிச்சை பொருந்தாது.

வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண், கண்புரை, விழித்திரை நோய் ஆகியவற்றாலும் இரவுப் பார்வை குன்றும். கார்னியாவைச் செதுக்குவதால் இவை நீங்கா. மாலைக்கண்ணுக்கு வேண்டுவது அவ்வைட்டமினே. ஆகவே, இரவில் பார்வை மங்குவோர் முதற்கண் அதன் காரணத்தைக் கண் மருத்துவர் வாயிலாகத் தெளிதல் வேண்டும். சிகிச்சையைத் தேர்வது அதன் பின்னரே ஆகும்.