வீடு கட்டும் ஒப்பந்தமும் நுகர்வோர் உரிமையும்

நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாள் சேமிப்பை ஒரே காரியத்தில் முடக்குவது பெரும்பாலும் வீடு கட்டும்போதுதான். கடலுக்கும் காயலுக்கும் இடையே அமைந்த வைப்பின் தீவில் ஒருவர் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்து, வேலை அஸ்திவாரத்துடன் நின்றுவிட்டால், ஒப்பந்தத்தை அவர் ரத்து செய்ய இயலுமா?

காரணம் தேவை

அமெரிக்காவில், வீடு தேடி வந்து விற்பவரிடம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் கூறாமலே கைவிடுவதற்கு 1970-களில் விதி செய்யப்பட்டது. இந்தியாவில் கட்டட ஒப்பந்தங்களுக்கு அத்தகைய பொது விதி இல்லை. ரத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். அக்காரணங்களை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஏமாற்றியோ தவறான தகவல் கூறியோ சம்மதம் பெறப்பட்டிருந்தால் 19-வது பிரிவும், ஒப்பந்தக்காரர் வேலையைச் செய்ய மறுத்துவிட்டால் 39-வது பிரிவும், காலக்கெடு ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக இருந்து அது தவறினால் 55-வது பிரிவும் பொருந்தும். முறையாக ரத்து செய்தவர் 75-வது பிரிவின்படி நஷ்டஈடு கோரலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கெடு தவறிய வேலையை ஏற்கும்போதே, இழப்பீடு கோரும் எண்ணத்தை அறிவிக்காதவர் தாமதத்துக்கான இழப்பீட்டுரிமையை இழக்கிறார். மௌனத்தின் விலை பெரிது.

மாற்று வழி

2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாத நிலையில், குறைந்தது 30 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்து, பயனில்லையெனில் வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்து, செலவை முதல் ஒப்பந்தக்காரரிடம் கோரலாம்.

நுகர்வோர் ஆணையம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதன் பொருளில் வீட்டுக் கட்டுமானம் 1993-இல் சேர்க்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத் தொடர்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்க இடமளிப்பது, இழப்புக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பது போன்ற நிபந்தனைகளை இச்சட்டம் நியாயமற்ற ஒப்பந்தமாகக் கருதுகிறது. இவை பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குச் செல்லும். சேவைக் குறைபாடு பற்றிய புகாரை, செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருப்பின், வைப்பின்வாசி எறணாகுளம் மாவட்ட ஆணையத்தில் அளிக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. கால வரம்பு 2 ஆண்டுகள்.

ஆயினும் ஆணையம் ஆதாரத்தையே நோக்கும். வேலையின் அளவு, பொருள்களின் தரம், கெடு, தவணை ஆகியவற்றை எழுத்தில் பெற்று, முடிந்த வேலைக்கு ஏற்பவே பணம் கொடுத்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துவதே முதற்காப்பு. கையெழுத்திடுமுன் காட்டும் கவனமே பின்னர் உரிமையாக நின்று உதவும்.