மஞ்சளாகும் நாற்று பசியால் வாடுகிறதா?

மண்ணில்லாப் பயிர்ச்செய்கையைத் தொடங்குவோர் பலரும் முதல் இடறலைச் சந்திப்பது நாற்றுப் பருவத்தில்தான். விதை முளைக்கிறது, இரண்டு இலை விடுகிறது, பின்னர் குருத்து மஞ்சளாகிறது. உணவு போதவில்லை என்று எண்ணிப் பசளைத் தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டுகின்றனர். சில நாட்களில் இலையோரம் கருகி, நாற்றுத் தட்டு முழுவதும் போய்விடுகிறது. விதைக்குக் கொடுத்த பணமும் அத்தோடு போகிறது. நிலமில்லாத ஒரு குடும்பம் முற்றத்தில் நாலைந்து ரெஜிபோம் பெட்டிகளை வைத்துத் தொடங்கும் முயற்சி இப்படி முதல் மாதத்திலேயே நின்றுவிடக் கூடாது. ஆகவே நாற்றுக்குரிய கரைசலை அளந்து பேணும் முறையை இப்பாடத்தில் படிப்போம்.

இரண்டு அளவுகள்

முதலாவது, கரைசலின் செறிவு. இதை மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவியால் அறியலாம். அலகு, சென்ரிமீற்றருக்கு மில்லிசீமன்ஸ். கரைந்துள்ள உப்புகளின் கூட்டுத்தொகையை மட்டுமே கருவி காட்டும்; அது பசளையா, கிணற்று உப்பா என்று பிரித்துச் சொல்லாது.

இரண்டாவது, பீ.எச். பெறுமானம். டென்மார்க் இரசாயனவியலாளர் சோரன்சன் 1909 இல் இவ்வளவுகோலை அமைத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது. பெரும்பாலான மரக்கறி நாற்றுகளுக்கு 5.5 முதல் 6.5 வரை ஏற்றது. 7 ஐத் தாண்டினால் இரும்பு, மங்கனீசு, பொஸ்பரசு ஆகியவற்றை வேர் எடுப்பது கடினமாகிறது. பானையில் சோறு இருந்தும் மூடி திறபடாத நிலை இது.

முதலில் தண்ணீரை அறிவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவு அந்நீரிலுள்ள சுண்ணத்தின் அடையாளம். அதில் கரைந்துள்ள இருகாபனேற்று அமிலத்தை எதிர்த்து நிற்கும். இன்று பீ.எச். ஐ 6 க்கு இறக்கினாலும் நாளை மெல்ல மேலேறுவது இதனால்தான். கரையோரக் கிணறாயின் உவர்த்தன்மையும் சேரும்.

இதற்கு எளிய வழி மழைநீர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூரை நீரைச் சேமிக்கலாம். கூரையைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட வேண்டும். புதிய சீமெந்துத் தொட்டி சிறிது காலம் சுண்ணத்தைக் கசியவிடும் என்பதால் பிளாஸ்ரிக் பீப்பாய் நல்லது. மழைநீரையும் கிணற்று நீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் உப்பும் காரச்சுமையும் ஏறத்தாழப் பாதியாகும். பீ.எச். எண் அப்படிப் பாதியாகாது. ஆனால் அதை இறக்கத் தேவைப்படும் அமிலம் குறையும்.

எவ்வளவு உணவு?

விதைக்குள்ளேயே முதல் உணவு இருக்கிறது. வித்திலை விரியும்வரை வெறும் நீர் போதும். தும்புத்தூளில் முளைக்கவைப்பதாயின் அதை முன்னரே நன்றாகக் கழுவி உப்பை நீக்க வேண்டும்.

முதல் உண்மையிலை வந்ததும் 0.5 முதல் 0.8 வரை, மூன்று நான்கு இலையில் 1.0 முதல் 1.2 வரை. சலாது நாற்றுக்கு இவ்வளவு பொருந்தும். தக்காளி, கறிமிளகாய் வளர்ந்தபின் இதைவிடச் செறிவு கேட்கும், நாற்றில் கேட்காது. அல்பேட் கலவை போன்ற தூள்களின் பொதியில் எழுதியுள்ள அளவு பெரும்பாலும் வளர்ந்த பயிருக்கே உரியது. அதில் கால் பங்கில் தொடங்குவோம்.

கலக்கும் ஒழுங்கு

1. 20 லீற்றர் நீரை அளந்து, அதன் செறிவைக் குறித்துக்கொள்க. உதாரணமாக 0.3 என்போம்.

2. தூளைச் சிறிது சிறிதாகக் கரைத்து 0.8 வரை கொண்டுவருக. இதில் உணவு 0.5 மட்டுமே. இரண்டு பொதிகளாக வரும் பசளையாயின், ஒன்றை நீரில் முழுதாகக் கரைத்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். செறிவாக ஒன்றுசேர்ந்தால் கல்சியம் சல்பேற்றோடும் பொஸ்பேற்றோடும் கூடி அடியில் படிந்துவிடும்.

3. அரை மணி நேரம் கழித்து பீ.எச். பார்க்க. பசளையே அதைச் சற்று இறக்கும்; ஆகையால் அமிலம் எப்போதும் கடைசியில்.

4. ஒரு லீற்றரைத் தனியே எடுத்து, ஐதாக்கிய பொஸ்போரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டுத் தேவையைக் கணக்கிடுக. பின்னர் மிகுதி 19 லீற்றருக்கும் பெருக்குக. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும்; நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கையுறை அவசியம்.

5. மறுநாட் காலை மீண்டும் அளக்க.

தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் பீ.எச். ஐ இறக்கும், ஆயினும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிடுவதால் பயன் நிலைக்காது. பழைய பற்றரி அமிலத்தில் ஈயம் உண்டு. அதை உணவுப் பயிருக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இலை சொல்வதும் கருவி சொல்வதும்

இளங்குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் இரும்பு எட்டாத அடையாளம், பீ.எச். ஐப் பார்க்க. அடியிலைகள் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு, செறிவைப் பார்க்க. இலையோரம் கருகினால் செறிவு கூடியிருக்கலாம். வெறும் நீர் சேர்க்க. முதல் இரண்டும் மஞ்சள்தான், மருந்து வேறு.

வெயில் நாட்களில் செடி உணவைவிட நீரையே அதிகம் உறிஞ்சும். அதனால் பெட்டியில் நீர் குறையச் செறிவு ஏறும். ஏறினால் வெறும் நீர், இறங்கினால் ஐதான கரைசல் என்று நிரப்ப வேண்டும். பீ.எச். 5.8 இலிருந்து 6.4 க்கு நகர்ந்தால் பதற்றம் வேண்டாம். ஒவ்வொரு மணி நேரமும் திருத்துவது நாற்றுக்குத் தீங்கு.

ஒரு கொப்பியில் திகதி, செறிவு, பீ.எச்., இலையின் நிறம் ஆகிய நான்கையும் நாளாந்தம் எழுதிவந்தால், அடுத்த போகத்தில் அதுவே உங்கள் ஆசிரியர். கருவி வாங்க வசதியில்லாத ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிரலாம். பீ.எச். கருவியை 4, 7 ஆகிய நியமக் கரைசல்களில் இடைக்கிடை சரிபார்த்து, அதன் முனை உலராமல் பேண வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது கிணற்று நீரின் செறிவும் பீ.எச். உம் எவ்வளவு? மாரியிலும் கோடையிலும் அவை மாறுகின்றனவா?

2. மழைநீரைச் சேமிக்க நமது வளவில் என்ன வசதி உண்டு?

3. மஞ்சளான ஒரு நாற்றைக் கண்டதும், பசளையைத் தொடுமுன் எந்த இரண்டு எண்களைக் கேட்போம்?