மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடலாமா?

2024 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெஞ்சல் புயலால், பர்கூருக்குத் தென்கிழக்கே ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய மழையில் நின்ற மின்சாரம் திரும்பும்போதுதான் மோட்டார்கள் புகைகின்றன. மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மூன்று பேஸில் ஒன்று வராது. மீதி இரண்டில் மின்னோட்டம் மிகுந்து காயில் கருகிவிடும்.

ஆகவே, கரண்ட் போனதும் ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்து வையுங்கள். மூன்று விளக்கும் ஒரே சீராக எரிந்தால் மட்டுமே மோட்டாரைப் போடவும். கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுவோர் உண்டு; புயலுக்குப் பின் அந்த வேலை வேண்டாம். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் பொருத்தும் செலவு, காயில் கட்டும் செலவைவிடக் குறைவே.

நீரில் மூழ்கிய மானோபிளாக் மோட்டாரை நன்கு உலர்த்தி, மெக்கர் வைத்துச் சோதித்த பிறகே இயக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியருகே ஆடுமாடுகளை விடாதீர்கள். மின்னகம் 94987 94987 எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.