தூண்டிலில் சிக்கும் கடல்நாய்கள்: கண்காணிப்பும் உதவியும்

மாணவர்களே, "அருகிவரும் உயிரினமொன்றைப் பாதுகாக்க எடுக்கப்படும் நடவடிக்கைகளை உதாரணத்துடன் விளக்குக" என்ற வினாவுக்குப் பலர் "சட்டம் இயற்றல், விழிப்புணர்வு ஊட்டல்" என எழுதி நிறுத்திவிடுகின்றனர். உதாரணம் இல்லாவிடின் புள்ளிகள் குறையும். கீழே தரப்படும் உதாரணத்தை விளங்கிப் படியுங்கள்.

பின்னணி

ஹவாய்த் துறவிக் கடல்நாய் பசுபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளுக்கே உரியது. ஐக்கிய அமெரிக்கா 1976 இல் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. 2022 அளவில் ஏறத்தாழ 1,600 கடல்நாய்களே இருந்தன. அவற்றுள் சுமார் 400 மக்கள் வாழும் பெரிய தீவுகளை அண்டியவை. அங்கே கரையிலிருந்து பாரை மீனுக்குப் பெரிய கொளுக்கிகளை வீசுகின்றனர். இரையை எடுக்க வரும் கடல்நாய் அதில் சிக்குகிறது. தொகை இவ்வளவு குறைவாக இருப்பதால், ஒரு பெண் கடல்நாய் இறப்பின் அது ஈனவிருந்த குட்டிகளும் இல்லாமற் போகின்றன.

உதவியின் படிமுறைகள்

1. அடையாளம் காணல்: பின்துடுப்பிலுள்ள இலக்கத் தகடு, உடலிலுள்ள தழும்பு என்பவற்றால் ஒவ்வொரு விலங்கும் தனித்தனியே அறியப்படும்.
2. அறிவித்தல்: காண்பவர் குறைந்தது 50 அடி விலகி நின்று அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் அறிவிப்பர்.
3. அவதானித்தல்: உதட்டில் தைத்த கொளுக்கி சிலவேளை தானாகவே கழன்றுவிடும். எனவே முதலில் நிலைமை மதிப்பிடப்படும்.
4. சிகிச்சை: தேவையாயின் பயிற்சி பெற்றோர் விலங்கைப் பிடித்துக் கொளுக்கியை அகற்றுவர். விழுங்கியிருந்தால் எக்ஸ்ரே எடுத்து மிருக வைத்தியர் சிகிச்சையளிப்பார். இவ்வினத்துக்கென 2014 இல் கே காய் ஓலா என்ற வைத்தியசாலை ஹவாய்த் தீவில் திறக்கப்பட்டது.

தடுத்தல்

கொளுக்கியின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுமாறு மீனவர்கள் ஊக்குவிக்கப்படுகின்றனர். அவ்வாறு செய்தால் கொளுக்கி எளிதில் கழலும். தங்கூசியைத் தளரவிடாது இழுத்தால் மீனும் தப்பாது. செலவின்றி மீனவரின் தொழிலையும் விலங்கின் உயிரையும் காக்கும் வழி இதுவே.

மாதிரி வினா

காயமுற்ற கடல்நாயின் கொளுக்கியைப் பொதுமக்கள் தாமே இழுத்தெடுக்கக் கூடாது. காரணங்கள் மூன்று தருக.

விடை

1. பின்னோக்கிய முள் சதையைக் கிழித்துக் காயத்தைப் பெரிதாக்கும்.
2. வேதனையிலுள்ள விலங்கு கடித்துவிடலாம்.
3. கொளுக்கி உள்ளே எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது.

கவனிக்க: இரக்கம் மட்டும் போதாது, முறையறிந்த உதவியே உயிர் காக்கும். இக்கருத்தை உங்கள் விடையின் முடிவுரையில் எழுதலாம்.