காஸ் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது?

விறகு பொறுக்கச் சொந்தக் காணி இல்லாத இடத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் பல இன்று காஸ் அடுப்பை நம்பியிருக்கின்றன. குசினி மூலையில், தகரக் கூரையின் கீழ், சிலிண்டர் நிற்கிறது. அதற்குள் நடப்பதை அறிந்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம். ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

திரவமும் வாயுவும்

சிலிண்டரை மெல்ல அசைத்தால் உள்ளே ஏதோ தளம்புவது தெரியும். அது திரவம். சமையல் எரிவாயு முக்கியமாகப் புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரண்டின் கலவை. தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பியூற்றேனோ ஏறத்தாழப் பூச்சியப் பாகையிலும், புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலும் கொதித்துவிடும். நமது வெக்கையில் இவை திறந்த பாத்திரத்தில் திரவமாக நிற்கமாட்டா. மூடிய சிலிண்டருக்குள் அமுக்கத்தில் இருப்பதாலேயே திரவமாக உள்ளன. ஒரு லீற்றர் புரொப்பேன் திரவம் வெளிவந்தால் ஏறத்தாழ 270 லீற்றர் வாயுவாகும்.

அமுக்கத்தைத் தீர்மானிப்பது எது?

மருந்தடிக்கும் கருவியில் காற்றடிப்பதை நிறுத்திவிட்டுத் தெளித்தால், அமுக்கம் குறைந்துகொண்டே போகும். சிலிண்டர் அப்படியல்ல. வாயு வெளியேற வெளியேற, திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. திரவம் இருக்கும்வரை அமுக்கம் பெரிதாகக் குறையாது. “பாதி முடிந்த சிலிண்டர்தானே, பயமில்லை” என்று எண்ணுவது தவறு.

அமுக்கத்தை மாற்றுபவை இரண்டு: வெப்பநிலையும் கலவையும்.

தனிப் புரொப்பேனின் அமுக்கம் 20 பாகையில் வளிமண்டல அமுக்கத்தைப் போல 8 மடங்குக்குச் சற்று அதிகம். 30 பாகையில் அது ஏறத்தாழ 11 மடங்கு; 40 பாகையில் 13 மடங்கைத் தாண்டும். பியூற்றேனின் அமுக்கம் 30 பாகையில் 3 மடங்குக்கும் குறைவு.

ஆகவே கலவையில் புரொப்பேன் ஐந்தில் ஒரு பங்காக இருந்தால், 30 பாகையில் அமுக்கம் ஏறத்தாழ நாலரை மடங்கு. பாதிக்குப் பாதியானால் ஏறத்தாழ 7 மடங்கு. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நமது நாட்டின் பல பகுதிகளில் எரிவாயு வெடிப்புகள் ஏற்பட்டன. அவற்றை ஆராய்ந்த குழு, கலவை விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகக் கூறியது. அமுக்கம் கூடும்போது தளர்ந்த இணைப்புகளும் பழைய குழாய்களும் தாங்கமாட்டா.

வெப்பத்தால் திரவமும் பருக்கும். 20 பாகையில் 100 லீற்றராக உள்ள புரொப்பேன் திரவம் 40 பாகையில் ஏறத்தாழ 107 லீற்றராகும். அதற்காகவே சிலிண்டரின் மேற்பகுதியில் வெற்றிடம் விட்டு நிரப்புகிறார்கள். வீட்டில் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நிரப்புவோர் இந்த இடத்தை இல்லாமற் செய்துவிடுவர். அது பேராபத்து.

சிலிண்டர் ஏன் குளிர்கிறது?

வியர்வை காயும்போது உடல் குளிர்வது போல, திரவம் ஆவியாகும்போது சிலிண்டரும் குளிர்கிறது. நெடுநேரம் சமைத்தால் அடிப்பகுதியில் பனி போல நீர் அரும்பும். அமுக்கம் குறைந்து சுவாலை சிறுக்கும். சிலர் அப்போது கொதிநீர் ஊற்றுகிறார்கள், சிலிண்டரைச் சரித்தும் வைக்கிறார்கள். இரண்டும் கூடாது. சூடாக்கினால் அமுக்கம் ஏறும். சரித்தால் திரவமே குழாய்க்குள் பாயும். அடுப்பை நிறுத்திச் சற்று நேரம் விட்டால், சுற்றியுள்ள வளியின் வெப்பத்தால் அமுக்கம் திரும்பிவிடும்.

நாம் செய்யவேண்டியவை

• சிலிண்டரை நிமிர்த்தி, நிழலில், வெயில் படும் தகரச் சுவருக்கும் விறகடுப்புக்கும் தூரமாக வைப்போம்.

• இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்போம். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்பைக் கொண்டு சோதிக்கவே கூடாது.

• புரொப்பேன் வாயு வளியைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. பியூற்றேன் இரு மடங்கு. கசிந்தால் அது நிலத்தோடு பரவும். பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புவோம். மணம் வந்தால் மின் சுவிற்சைத் தொடாமல், சிலிண்டரின் வாயை மூடிக் கதவுகளைத் திறப்போம்.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் நண்பகலில் சிலிண்டர் நிற்கும் இடம் எவ்வளவு சூடாகிறது? அதை எங்கே மாற்றலாம்?

2. குழாயையும் இறப்பர் வளையத்தையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?